மதுரையில் பழைய வீட்டை மாற்றிக் கட்டப் போகிறீர்களா? இடிப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை: முழுமையான வழிகாட்டி

மாசி வீதிக்குள்ளோ மகால் பக்கத்துச் சந்துகளிலோ தாத்தா காலத்து வீடு ஒன்று இருந்தால், அதைப் பற்றி வீட்டில் ஓயாமல் ஒரு பேச்சு ஓடும். திண்ணையை எடுத்துவிட்டுக் கடை போடலாம், முற்றத்தை மூடலாம், மேலே ரெண்டு ரூம் எடுக்கலாம், இல்லை, பேசாமல் இடித்துவிட்டுப் புதுசாகவே கட்டிவிடலாம். பேச்சு ஒரு நாள் முடிவாகும். மறுவாரமே கொத்தனார் வந்து கடப்பாரையைப் போடுவார்.

இந்த வழிகாட்டி அந்த ஒரு வாரத்துக்கானது. அந்த ஒரு வாரம் மூன்று மாதமாக நீண்டாலும் நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் 1931-லேயே, பழைய வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றவேண்டுமானால் ஒரு மறுஆய்வுக் குழுவின் முன் வரைபடத்தை வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சென்னையிலும் 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிக் குழு வந்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. ஆனால் மதுரையில் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சாதாரண குடும்ப வீட்டுக்கு வரைபடம் கொடுத்தால் அலுவலகம் பார்ப்பது உயரம், பரப்பு, பக்க இடைவெளி, நினைவுச்சின்னத்திலிருந்து தூரம் இவ்வளவுதான். இந்தத் தேக்குத் தூணை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்பது அவர்கள் வேலை இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் குழுவை வீட்டுக்காரரே கூட்டவேண்டியிருக்கிறது. எப்படிக் கூட்டுவது, அதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. வீடு எந்த வட்டத்துக்குள் இருக்கிறது?

நம்மூரில் வீட்டின் வயதை யாரும் கேட்பதில்லை. எதன் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். மூன்றைச் சரிபார்க்கவேண்டும்.

முதலாவது, மீனாட்சி அம்மன் கோயில். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. கோபுரம் மறையக்கூடாது என்பதற்கான கட்டுப்பாடு இது. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி எல்லாம் இதற்குள்தான். இதை மீறிய கட்டடங்களைப் பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்திருக்கின்றன, ஆகவே 'யார் பார்க்கப்போறா' என்ற பேச்சு செல்லாது.

9 மீட்டர் என்றால் ஏறக்குறைய இருபத்தொன்பதரை அடி. மூன்று மாடி வரும் என்று மனக்கணக்குப் போடுவோம். பழைய வீட்டில் அந்தக் கணக்கு உதைக்கும். தெருவிலிருந்து திண்ணை மட்டம் இரண்டரை அடி, உள்ளே தளத்திலிருந்து கூரை வரை பதின்மூன்று அடி, கூரைக் கனமே ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்திலேயே பதினாறரை அடி போய்விட்டது. மேலே பத்தரை அடியில் ஒரு தளம் போட்டால் இருபத்தேழு. அவ்வளவுதான், இடம் முடிந்தது. இரண்டாவது மாடி வேண்டுமென்றால் கீழ்த்தளத்தை இடித்துத் தாழ்வாகக் கட்டவேண்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஊருக்குள் பல நல்ல வீடுகள் போவது இந்தக் கணக்கால்தான். படிக்கட்டுக் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் உயரக் கணக்கில் வருமா என்பதை வரைபடம் போடும் பொறியாளரிடம் முன்னாலேயே கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்கள். கீழக்குயில்குடி சமணமலை, தென்பரங்குன்றம் குடைவரை போன்றவற்றின் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, சின்னத்தின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அளவு தொடங்குவது அந்த எல்லையிலிருந்து. கண்ணுக்குத் தெரியும் குகை வாசலிலிருந்து நாமே டேப் பிடித்துப் பார்த்து 'நூத்திப் பத்து மீட்டர் இருக்கு' என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், சீரமைக்கலாம், ஆனால் அனுமதி வேண்டும். வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததாகவோ, பின்னர் உரிய அனுமதியோடு கட்டியதாகவோ இருக்கவேண்டும். அடுத்த 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவும் இடமுண்டு, அதற்கும் முன்அனுமதி வேண்டும். விண்ணப்பம் தகுதி வாய்ந்த அதிகாரியிடம் போகும், அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்பவேண்டும், ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்லவேண்டும், அதன்பின் ஒரு மாதத்தில் உங்களுக்குப் பதில் வரவேண்டும். சட்டப்படியே ஏறக்குறைய நான்கு மாதம். அனுமதி இல்லாமல் தடைப் பகுதியில் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதில் கவனிக்கவேண்டியது அந்த 1992 தேதி. அதற்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்புக் கடிதம், பாகப்பிரிவினைப் பத்திரம், ஏன், வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் போட்டோகூட உதவும். பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

மூன்றாவது, மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்கள். 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் இந்தத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மகாலை ஒட்டிய தெருக்காரர்கள் தொலைவைக் குறிப்பிட்டுத் துறைக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மேலே நகர்வது நல்லது. வாய்வார்த்தையாக 'ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்' என்று சொன்னவர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போயிருப்பார்.

காரைக்குடிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதனால் மட்டும் உங்கள் வீட்டில் ஓட்டை மாற்ற யாரும் தடை போட முடியாது, அதேபோல் அதனால் மட்டும் வீடு பிழைத்துவிடாது.

2. வீடு யாருடையது?

கேள்வி சின்னதாகத் தெரியும். பதில் பல வீடுகளில் மூன்று தலைமுறைக்குப் போகும்.

தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவு, சொத்து வரி ரசீது ஐந்தையும் ஒரே மேஜையில் வைத்து அளவுகள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் எல்லா ஆண்டுகளுக்கும் கிடைக்காது, பழையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடி வாங்கவேண்டும். நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்து, நீங்கள் அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருந்தால் அவர்களின் இசைவு இல்லாமல் வரைபடம் நகராது.

அப்புறம் பங்காளிகள். அண்ணன் தம்பிகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். அக்கா தங்கைகளை மறந்துவிடுவார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. 'நீ எதுக்கும்மா வரணும், நாங்க பாத்துக்கிறோம்' என்று சொல்லி விட்டுவிட்ட தங்கையின் வக்கீல் நோட்டீஸ், பாதி இடித்த வீட்டின் கதவில் ஒட்டப்படும்போது வேலை அப்படியே நிற்கும். மழையில் நனையப்போவது கூரை இல்லாத சுவர்.

3. முதலில் பதிவு, பிறகு முடிவு

எதையும் தொடுவதற்கு முன் வீட்டை அளந்து ஒரு தரைப்பட வரைபடம், ஒரு குறுக்குவெட்டு, ஒரு முகப்பு வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பை நேர் எதிர்வீட்டு மாடியில் நின்று படமெடுத்தால் சாய்வில்லாமல் வரும். மாசி வீதிகளில் முகப்பு ஃப்ளெக்ஸ் போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், போர்டைக் கழற்றிவிட்டு எடுங்கள். உள்ளே இருக்கும் சுதை வேலைப்பாடும் வளைவு ஜன்னலும் வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருக்கும்.

இதற்குப் பெரிய செலவாகாது. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது, பழைய வீடுகளை அளந்து வரைவது கட்டடக்கலை மாணவர்களின் படிப்பில் சேர்ந்த வேலைதான். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்புக்கும் மதுரையில் கிளை உண்டு. கேட்டுப் பார்க்கலாம்.

4. எது எதைத் தாங்குகிறது?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்கவும். அனுமதி விஷயத்தில் தவறினால் அபராதத்தோடு போகும். இங்கே தவறினால் ஆள் போகும்.

மதுரையின் பழைய மாடி வீடுகளில் பாதிக்குமேல் நீங்கள் பார்ப்பது மெட்ராஸ் டெரஸ் கூரை என்று சொல்லிவிடலாம். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் சன்னமான சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், சாய்கோணத்தில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி நாள்கணக்கில் தட்டி இறுக்கியிருப்பார்கள், மேலே தட்டோடு. நன்றாக இருக்கும்வரை கோடையில் இதற்கு ஈடான கூரை கிடையாது.

இது பெரும்பாலும் கெடும் இடம், சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம். நடுவில் சட்டம் கருங்காலிபோல் இருக்கும், தட்டினால் 'ணங்' என்று கேட்கும். முனையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்துங்கள். கால் அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் நல்ல மரம். கட்டைவிரல் நீளம் உள்ளே போய், பழுப்புப் பொடியோடு வெளியே வந்தால் அந்தச் சட்டம் சுவரைப் பிடித்திருக்கவில்லை, பழக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் சாக்பீஸில் எண் போட்டு, இரண்டு முனையையும் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். இருபது சட்டத்தில் மூன்று கெட்டிருந்தால் மூன்றை மாற்றினால் போதும். 'கூரையே போச்சு சார், எல்லாத்தையும் எடுத்துட்டு காங்கிரீட் போட்டுரலாம்' என்பவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கெட்டதன் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும்: அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், மாடியில் வைத்த சின்டெக்ஸ் தொட்டியின் கசிவு, சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று. காரணத்தைச் சரிசெய்யாமல் சட்டத்தை மட்டும் மாற்றினால் புதுச் சட்டமும் அதே வழியில் போகும்.

அடுத்து சுவர். சாவியால் காரையைச் சுரண்டுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், காற்றில் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இடுப்பு உயரத்தில் பூச்சு பொரிந்து தட்டுத்தட்டாக விழும். அதை மறுபடி சிமென்டிலேயே ஒட்டுவார்கள். இன்னும் கொஞ்சம் மேலே பொரியும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. அரைத்த சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், கூலி கூடுதல்தான்.

மேல்தளம் எடுக்கும் எண்ணம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கவேண்டும், இதில் கொத்தனார் சொல் போதாது. சுண்ணாம்புச் சுவரின்மேல் நேரடியாகக் காங்கிரீட் தளத்தை ஏற்றுவதற்கும், தனித் தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் ஏற்றுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

5. மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு கற்பனை வீடு. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில், இருபதடி அகலம், எண்பதடி ஆழம். திண்ணை, நடை, நான்கு தூண் வைத்த முற்றம், இரண்டு பக்கமும் தாழ்வாரம், பின்கட்டு, கிணறு. வீட்டுக்காரர் கேட்பது நான்கு: முன்னால் ஒரு கடை, மூடிய முற்றம், மேலே இரண்டு அறை, பின்னால் புதுக் குளியலறைகள்.

'வீட்டை ரினோவேட் பண்றோம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் யாராலும் கருத்துச் சொல்ல முடியாது. நான்குக்கும் நான்கு தாள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் எழுதவேண்டியது: என்ன செய்யப்போகிறோம், எதற்காக, இதனால் எது போகும், பத்து வருஷம் கழித்து வேண்டாமென்றால் பழையபடி வைக்க முடியுமா, எவ்வளவு செலவு.

கடை: திண்ணையை இடிக்காமல் நடையை ஒட்டிய முன்னறையையே கடையாக்க முடியும். ஷட்டருக்காக முகப்புச் சுவரை அகலமாக உடைப்பதுதான் திரும்பிவராத மாற்றம். பழைய கதவு நிலையையே கடை வாசலாக வைத்துக்கொள்ளலாம், ஜவுளிக்கோ நகைக்கோ அது ஒரு கவர்ச்சியும்கூட.

முற்றம்: மழைச்சாரல், கொசு, திருட்டுப் பயம் மூன்றும் உண்மையான தொல்லைகள், அவற்றைக் கேலிசெய்ய வேண்டாம். ஆனால் காங்கிரீட் போட்டு மூடினால் நடுவீட்டில் பகலிலும் லைட் எரியும், வெக்கை வெளியேறாது. இரும்புக் கம்பி வலையும், அதற்குமேல் ஓரடி இரண்டடி உயர்த்திய கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் கூரையும், பக்கவாட்டில் காற்றுப் போகத் திறப்பும் வைத்தால் தேவை தீரும், நாளைக்குக் கழற்றவும் முடியும். முற்றத்துத் தண்ணீர் இதுவரை எங்கே போனதோ அந்தக் குழாயைக் கிணற்றுப் பக்கம் மழைநீர் சேகரிப்புக்குத் திருப்பிவிடுங்கள், 2003-லிருந்து அது எல்லா வீட்டுக்கும் கட்டாயம்.

மேலே இரண்டு அறை: உயரக் கணக்கை மேலே பார்த்தோம். இந்த வீட்டில் அறைகளை முகப்பிலிருந்து பதினைந்தடி உள்ளே தள்ளிக் கட்டினால் தெருவிலிருந்து பழைய முகப்பே தெரியும், பாரமும் திண்ணைச் சுவரில் ஏறாது.

குளியலறை: பின்கட்டில் தாராளமாகக் கட்டலாம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஈரம் மட்டும் பழைய சுவரைத் தொடாமல் ஒரு கை அகலம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

எடுக்கும் தூணையும் கதவையும் உடனே வாங்கிக்கொள்ள ஆள் வருவார். விற்பது உங்கள் விருப்பம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்ப வேலைப்பாடு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளாகலாம், வெளிநாட்டுக்குப் போக முடியாது, அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். சந்தேகமிருந்தால் விற்பதற்கு முன் தொல்லியல் துறையிடம் காட்டிவிடுங்கள்.

6. உட்காரவைத்துப் பேசுங்கள்

இதுதான் உங்கள் மறுஆய்வுக் கூட்டம். பங்குதாரர்கள் எல்லோரும், பொறியாளர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், இரண்டு பக்கத்து அண்டைவீட்டார், வெளியாள் ஒருவர். அந்த வெளியாளுக்கு இந்த வேலையில் பணம் கிடைக்கக்கூடாது. ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஆள், கட்டடக்கலை ஆசிரியர், தெருவில் எல்லோரும் மதிக்கும் பெரியவர், யாராகவும் இருக்கலாம். நான்கு தாளையும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கூட்டத்தை முற்றத்திலேயே போடுங்கள். 'இதை இடிக்கப்போறோம்' என்று சொல்லும்போது அதைக் கையால் தொட்டுக்காட்டவேண்டும்.

அண்டைவீட்டார் எதற்கு என்று கேட்கலாம். நம் சந்துகளில் பாதிச் சுவர் பொதுச்சுவர். உங்கள் கூரைச் சட்டம் ஒரு பக்கமும் அவர் கூரைச் சட்டம் மறுபக்கமும் அதே சுவரில் தொங்கும். அதோடு, அவர் வீட்டு ஜன்னலுக்கு 20 ஆண்டு தடையின்றி வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அவருக்கு அதில் உரிமை உண்டாகலாம். 'மாமா, உங்க பக்கத்து விரிசல் எல்லாத்தையும் இப்பவே போட்டோ எடுத்து வெச்சுக்குவோம், நாளைக்கு எங்க வேலையால வந்ததுன்னு நினைக்கக் கூடாதுல்ல' என்று ஆரம்பித்தால் பேச்சு சுமுகமாகப் போகும்.

முடிவுகளை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் தன் மறுப்பையும் அதிலேயே எழுதட்டும்.

7. விண்ணப்பம்

வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது, பூச்சுவேலை, தரை போடுவது போன்றவற்றுக்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவையில்லை. பரப்பும் உயரமும் கூடினால், பயன்பாடு மாறினால் (வீடு கடையாவது இதில் வரும்) தேவை. தொல்லியல் வட்டத்துக்குள் இருந்தால் சின்னப் பழுதுக்கும் தனியாகக் கேட்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, பதிவுபெற்ற பொறியாளர் மூலம் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். எதை இடிக்கிறோம், எது அப்படியே இருக்கிறது, எது புதுசு என்பதை மூன்று நிறத்தில் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். தொல்லியல் துறையின் பதில், பொறியாளரின் கட்டமைப்பு அறிக்கை, பங்குதாரர் இசைவு மூன்றையும் சேர்த்துவிட்டால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும் சுற்று குறையும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் உடனடி அனுமதி கிடைக்கும். நல்ல திட்டம்தான், புறநகரில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் 'பழசைத் தட்டிட்டு காலி மனையாக்குங்க, ஒரே நாள்ல பெர்மிட்' என்று இதைக் காட்டிப் பழைய வீட்டை இடிக்கச் சொல்லும் தரகரிடம் ஜாக்கிரதை. காலி மனையானாலும் 9 மீட்டரும் தொல்லியல் தூரமும் அப்படியே இருக்கும்.

8. வேலை நாட்கள்

கூரையைத் திறக்கும் வேலையைத் தை மாதத்தில் தொடங்கி, ஐப்பசி அடைமழைக்கு வெகு முன்பே மூடிவிடுங்கள். மாசி வீதியை ஒட்டிய வீடென்றால் சித்திரைத் திருவிழாவைக் கணக்கில் வையுங்கள். தேர் போகும் வீதியில் அந்த நாட்களில் சாரமும் மணல் குவியலும் இருக்க முடியாது, லாரியும் வராது. சுண்ணாம்புப் பூச்சைக் கத்திரி வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும், ஈரச் சாக்குத் தொங்கவிடவேண்டும்.

இடிக்கும்போது எதிர்பாராதது ஏதாவது வெளியே வரும்: அடைத்துப் பூசிய மாடம், சுவருக்குள் கல்தூண், அடுக்குக்கு அடியில் பழைய தளம். மகால் பக்கத்து வீடுகளில் இது அபூர்வமில்லை, பத்துத் தூண் சந்துக்குப் போனால் அரண்மனைத் தூண்கள் வீடுகளுக்கு நடுவே நிற்பதை இன்றும் பார்க்கலாம். அப்படி ஏதும் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்தி, படமெடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

9. இடிபடுவது பக்கத்து வீடாக இருந்தால்

அனுமதி வாங்கியிருக்கிறார்களா, வரைபடத்தில் உயரம் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சியில் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். உயரமோ தூரமோ மீறியிருந்தால் அளவோடும் படத்தோடும் ஆணையருக்கு எழுதுங்கள், நகலை வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகை எண் கிடைக்கும். 'அழகான வீடு, இடிக்கக் கூடாது' என்று மட்டும் எழுதிய மனுவைத் துறையில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. 'அனுமதித்தது 9 மீட்டர், எழும்பியிருப்பது இவ்வளவு' என்று எழுதியதை ஒதுக்குவது கடினம். அதற்கு முன் ஒரு தடவை நேரில் போய் அந்த வீட்டுக்காரரிடமே பேசிப் பாருங்கள், பல சமயம் அவருக்கே வேறு வழி இருப்பது தெரிந்திருக்காது.

வேலை முடிந்ததும் சொத்து வரி மறுமதிப்பீட்டுக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அளந்த வரைபடம், தேக்குச் சட்டங்களைக் குத்திப் பார்த்து எழுதிய நோட்டு, கூட்ட முடிவு, அனுமதி ஆணை, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரு நகலைத் தங்கை வீட்டிலும் வையுங்கள்.